மணிக்கு முந்திய சிலிர்ப்பு

புரட்டாசிச் சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுகிறவனுக்குப் புத்தி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் மொத்தமும் என் காலின் மேல்தான் நின்றது. மடியில், நான் வேலை பார்த்த உளவியல் துறை வேண்டாமென்று கழித்த கருவி. விரல் நுனியில் கசியும் வியர்வையை அது அளக்கும். மனம் திடுக்கிட்டால் திரையில் கோடு ஏறும். முன்னுணர்வு என்று ஒன்று உண்டா என்று பார்க்கப் பல வருடம் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். மின்விசிறிக் காற்று, கைச் சூடு, பக்கத்து அறை இருமல் எல்லாம் பதிந்தன. முன்னுணர்வு பதிந்தது என்று மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

தங்கை சரியாகச் சாப்பிட்டு நாளாகிறது என்று அவள் கணவர் போன் செய்திருந்தார். மகன் ராணுவத்தில் இருக்கிறான். சிக்னல் இல்லாத மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் கூப்பிடுவதற்கு முன் தன் இடது கை சிலிர்க்கும் என்பது அவள் நம்பிக்கை. இப்போது சிலிர்க்கவில்லை. அதனால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது.

“வெரதம்ணே,” என்றாள், என்னைப் பார்த்ததும்.

“இவளுக்கு வாரம் பூரா சனிக்கிழமதான் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

அவள் இடது கை விரல்களில் பசை தடவிக் கருவியின் பட்டையை மாட்டிச் சும்மா உட்காரவைத்தேன். கோடு அடங்கினால்தான் ஏறுவது தெரியும். மாப்பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பினேன். அவர் காசைச் சுண்ட வேண்டும்; பூ விழுந்தால் மட்டும் அவள் போனுக்குக் கூப்பிட வேண்டும். எப்போது என்று எனக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அவளுடைய பழைய பட்டன் போன், எப்போதும் போல, தணிவாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் மேல் கிடந்தது. ரேடியோ லேசாகக் கரகரத்தது. கோடு ஏறியது. பிறகுதான் மணி அடித்தது.

“சிலுத்துட்டுண்ணே,” என்றாள். உடனே முகம் வாடியது. “இது தெருவுல நிக்க அவியல்லா கூப்புடுதாவ.”

ரேடியோவை அணைத்தேன். அதற்குப் பின் வந்த அழைப்புகளுக்கு, மணி அடிக்கிற வரை கோடு படுத்தே கிடந்தது. பட்டையைக் கழற்றி, போனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

“போன் வாரதுக்கு முன்ன அதோட அலை பட்டு ரேடியோ கரகரக்கும்டி. அது ஒங்காதுல விழுது, கை சிலுக்குது. அவன் கூப்புடல, அதான் சிலுக்கல. அம்புட்டுதான். அவன் எப்பிடி இருக்கான்னு ஒங்கைக்கு ஒண்ணும் தெரியாது.”

விரலில் ஒட்டியிருந்த பசையை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ இம்புட்டு நாளும் அவன் வாரது தெரிஞ்சது ரேடியோவுக்குத்தானா?”

பயத்தை எடுக்கப் போனவன், பிள்ளை வருவது தன் கைக்குத் தெரியும் என்ற நிறைவையும் சேர்த்து எடுத்துவிட்டேன். ஒயரைச் சுற்றினேன்.

அவள் கை கழுவிவிட்டு வந்து சோறு போட்டுக்கொண்டாள். மோர் ஊற்றிப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டாள். தெருவில் மாப்பிள்ளை இன்னும் காசைச் சுண்டிக்கொண்டிருந்தார். போதும் என்று சொல்ல மறந்திருந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவள், இடது கையால் ரேடியோவைப் போட்டாள். போனை எடுத்து அதன் மேல் வைத்தாள்.