ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர்

எங்கள் ஊரை யார் தொடக்கினது என்று கேட்டால் இப்போது ஏழு பேர் கை தூக்குவார்கள். ஏழு பேரையும் அன்றிலிருந்து எனக்குத் தெரியும். ஒருவன்கூடக் குடிசைக்கு ஒரு கப்பு நட்டு நேராக நிறுத்தியதில்லை.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது டொக்யார்டில் வேலை இழந்தவர்கள் அவர்கள். மூதூர்ப் பக்கம், ஆற்றில் தோணி கட்டும் துறைக்கு மேலே, கிடுகுக் குடிசை போட்டிருந்தார்கள். நான் எங்கும் ஆறு மாதம் தங்காதவன். மனைவி வயிற்றில் பிள்ளை. இனி நடக்க ஏலாது என்றாள். அதனால் அங்கே நின்றேன்.

அந்தக் கரை எந்த ஊரிலும் சேராது. ஊர் இல்லையென்றால் கூப்பன் இல்லை. கூப்பன் இல்லையென்றால் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கே தின்று அவள் கால் வீங்கிவிட்டது.

நாலு தரம் அலைந்து, ஊர் பதியும் அதிகாரமுள்ள விதானையாரைக் கூட்டிவந்தேன்.

"இங்க பெரியவர் ஆர்? அவர் பேரிலதான் பதியவேணும்" என்றார்.

ஏழு பேரும் குடிசைக்குள் ஓடி ஆளுக்கொரு காகிதத்தோடு வந்தார்கள். துரைமார் எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ். ஒருவனுக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"என்ர துரைதான் எல்லாருக்கும் மேல, ஐயா. அப்ப நான்தான் பெரியவன்."

"போடா, நீ அவற்ற சப்பாத்துத் துடைச்சனி!"

விதானையார் ஒருவனுடையதை வாசித்தார். "நீர் நல்லாக் கோழி சமைப்பீராம். சமைக்க முந்திக் கோழியை எண்ணி வைக்கட்டாம்."

அதற்கும் அவன் நெஞ்சை நிமிர்த்தினான். மற்றவர்கள் அவன் மேல் பாய்ந்தார்கள். நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

விதானையார் பதிவுக் கொப்பியை மூடிக்கொண்டு தோணிக்கு நடந்தார். மாரி மழை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. தொடங்கினால் தை மாதம் வரை ஆறு கடக்கமாட்டார்.

அவருக்கு முன்னால் போய் என் மனைவி எட்டு மாத வயிற்றோடு தோணியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்கு பிள்ளை."

"மாட்டன் ஐயா. என்ர பேரைப் பதியுங்கோ. இவங்கட சண்டை முடியிறதுக்குள்ள நான் பெத்திடுவன்."

அவர் நின்றபடியே எழுதினார். ஊரின் பெயர் துறையடி. பெரியவர் என்ற இடத்தில் அவள் பெயர். அவள் கைநாட்டு வைத்தாள். எட்டுக் குடிசைக்கும் அரிசி வந்தது.

இருபது வருடம் கழித்து, போன மாதம், ஊர் தொடங்கிய வரலாற்றைக் கோயில் மதிலில் எழுத எங்கள் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். கதிரைகளும் எங்களுடையவை. தங்கள் ஏழு பெயரையும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பிறகு கோழிக்காரன் குசினிப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, தேத்தண்ணி இன்னும் வரேல்லையே" என்றான்.

என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். சீனி போடவில்லை. ஏழு பேரும் குடித்தார்கள்.