பஸ்ஸில் என் மடியிலிருந்த ஓவியம்

நண்பர்களே, இந்தத் தபால் கார்டைப் படித்துவிட்டு ஆபீஸ் கேன்டீன் போர்டில் குத்தி வையுங்கள்.

இன்று செங்கல்பட்டில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் நம் மேனேஜர்! என் மடியில் நான் செய்த ஓவியம். சாக்குத்துணியில் கிழிந்த மீன்வலை, மணல், தார். உருவம் எதுவும் கிடையாது.

“இதுக்காகவாய்யா வேலைய விட்டே? உன் நாற்காலி இன்னும் காலிதான். திங்கட்கிழமை வந்துடு” என்றார்.

முன்னால் இருந்த மீன்காரம்மா திரும்பினார். “இன்னா அண்ணாத்த, குப்பைய மடில வச்சிகினு போற?”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் ஓவியத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

“திங்கட்கிழமை முடியாது சார். இதைவிடப் பெரிசா ஒண்ணு ஆரம்பிக்கிறேன்.”

சதுரங்கப்பட்டினத்தில் இறங்கியதும் அதை வீட்டின் தெருப்பக்கச் சுவரில் மாட்டிவிட்டேன்.

பார்க்க வாருங்கள். திட்டவும் வரலாம். வேலைக்குக் கூப்பிட மட்டும் யாரும் வர வேண்டாம்.