காபிக்கு அப்புறம் திறந்த கதவு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் டிவியில் ஒரு பழைய வங்காளிப் படம் போட்டான். கறுப்பு வெள்ளை. இப்போது அவனுக்கு நல்ல படம் பார்க்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. நானும் ஒரு முறம் அவரைக்காயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். "மம்மி, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றான். நான் பேசினதே எனக்குத் தெரியவில்லை. திரையின் அடியில் ஆங்கில எழுத்து வர வர, என் வாய் பாட்டுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது.

அவனுக்கு என்ன தெரியும். இதே வாய்க்கு ஒரு காலத்தில் மைக் கொடுத்து, நாற்காலி போட்டு, சூடாகக் காபியும் கொடுத்தார்கள். தற்பெருமை என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. இருக்கிற பெருமையே அது ஒன்றுதான், அதையும் சொல்லாமல் விடுவேனா?

கொட்டைக்காக அவரைக்காய் உரித்தால் கையில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் பாருங்கள், சோப்புப் போட்டாலும் போகாது, அந்த வாசனை வந்தாலே எனக்குக் காக்ஸ் டவுன் சர்ச் ஹால்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சரோஜாக்கா மடியில் பை நிறைய அவரைக்காயோடுதான் படம் பார்க்க வருவார். இருட்டில், கையைக் குனிந்தே பார்க்காமல், படம் முடிவதற்குள் அத்தனையும் உரித்துவிடுவார். சரோஜாக்கா பக்கத்து ஜீவனஹள்ளிக்காரர், ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. வாரம் முழுக்க நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் ஏரியாவில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்குப் படம். பாட்டு, சண்டை எதுவும் இருக்காது. வங்காளி, மலையாளம், ஒரியா என்று எங்கெங்கிருந்தோ தகரப் பெட்டியில் ரயிலேறி வரும். கூடவே ஒரு டாக்குமெண்டரியும் வரும். ஹாலை இனாமாகக் கொடுத்த ஃபாதர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கதவைச் சாத்தக் கூடாது, அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும் உட்கார விட வேண்டும். அப்படித்தான் ஜீவனஹள்ளி ஜனம் கடைசி நாலு பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. வருவார்கள், அரை மணி நேரம் பார்ப்பார்கள், ஒன்றும் புரியாமல் எழுந்து போய்விடுவார்கள்.

ஒருநாள் பக்கத்தில் இருந்த சரோஜாக்கா என் முழங்கையைத் தட்டி, "கீழ என்னமோ எழுதறானே, அத கொஞ்சம் சொல்லேன் பாப்பா" என்றார். காதோடு சொன்னேன். எங்களுக்கு முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பி, "எங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா" என்றார். அடுத்த மாதம் ஃபாதர் பிரசங்க மைக்கையே எடுத்துக் கொடுத்துவிட்டார். கடைசி பெஞ்சுகள் நிறைந்தன. எழுந்து போகிறவர்களும் நின்றுபோனார்கள்.

டாக்குமெண்டரிதான் பெரிய தொல்லை. அதில் எழுத்து வராது. தொண்டை கட்டின கனத்த குரலில் ஒரு ஆண் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே இருப்பார். அவருக்கும் எனக்கும் போட்டி. கல் உடைக்கிறவர்களைப் பற்றிய ஒரு படத்தில் நான் மூச்சு வாங்கித் திணறினபோது சரோஜாக்கா, "விடு பாப்பா, கல்லு ஒடைக்கிறது எங்களுக்குத் தெரியாதா, அந்தாளத்தான் நிறுத்தச் சொல்லு" என்றார். முன் வரிசையிலிருந்து யாரோ ஷ்ஷ் என்றார்கள்.

முன் வரிசை என்றால் மெம்பர்கள். அவர்களுக்கு என் தமிழ் பெரிய இடைஞ்சல். செயலாளர் மூர்த்தி சார் காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர், கன்னடக்காரர், நல்ல மனுஷர். அவரே ஒருநாள் என்னிடம் வந்து, மெம்பர்கள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இந்த மாதப் படம் முடிந்ததும் கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றார். இந்த மாதிரிப் படம் அந்த ஜனங்களுக்கு நிஜமாகவே புரிகிறதா என்றும் கேட்டார். கேட்டவிதம் மரியாதையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை வாங்கிவிட்டால் அந்த நாலு பெஞ்சும் காலிதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த மாதப் படம் ஒரு ஆற்றங்கரைத் தபால்காரரும் அவர் பெண்டாட்டியும். பெயர் சொல்லி உங்களைக் குழப்பவில்லை. நாலு சுருள், நாலு டப்பா. எங்களிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ஒரு சுருள் முடிந்தால் லைட்டைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். இரண்டு சுருள் முடிந்ததும் காபி. அன்றைக்கு நான் உயிரைக் கொடுத்துச் சொன்னேன். ஒரு வரி விடவில்லை. பெண்டாட்டிக்காரி டைஃபாய்டில் கிடக்கிற இடத்தில் என் குரலே உடைந்துபோனது.

படம் முடிந்ததும் எல்லாரும் பேச வேண்டும், அது சொசைட்டி வழக்கம். மூர்த்தி சார் கால் மணி நேரம் பேசினார். இந்த இயக்குநர் காலத்தைக் கலைத்துப் போட்டிருக்கிறார், பின்னால் நடப்பதை முன்னால் காட்டி நம் மனதை உலுக்கிவிட்டார் என்றார். மெம்பர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன், பொய் சொல்வானேன். அப்புறம் அவர் பின்னால் பார்த்து, அவர்களும் ஏதாவது சொல்லட்டுமே என்றார்.

சரோஜாக்கா எழுந்தார். மடியிலிருந்த தோலெல்லாம் கீழே கொட்டியது.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டப்பாவ மாத்திப் போட்டுட்டீங்க" என்றார்.

கமிட்டி கூடப்போகிற நேரம் பார்த்து இந்த அம்மா இப்படி உளறுகிறாரே என்று எனக்கு இருந்தது.

"ஏனம்மா ஹேள்தாரெ அவரு?" என்று, அவர் என்ன சொல்கிறார் என்று மூர்த்தி சார் என்னைக் கன்னடத்தில் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? படம் ரொம்பப் பிடித்திருக்கிறதாம் சார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால், கூசாமல். யாருக்குப் படம் புரியும் என்று அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு வீராப்பாக நின்றேனோ, அவரையே நான் நம்பவில்லை.

டாக்டர்கள் நடுவே இருபது வருஷம் தரை துடைத்தவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாதா? "நான் அதச் சொல்லலியே பாப்பா" என்றார். கோபமே இல்லை. "சொல்றத அப்படியே சொல்லு. மொத டப்பா முடியறப்போ கதவு தட்டுறாங்க. அந்தம்மா கதவத் தொறக்க எந்திரிக்கிறா. லைட்டு போட்டாச்சு. அவ கதவத் தொறந்தது எப்ப? நாமெல்லாம் காபி குடிச்சிட்டு வந்தப்புறம். அதுவரைக்கும் தட்டுனவன் வெளிய நின்னுட்டே இருந்தானா? நடுவுல ஜொரம் வந்து தலைய மொட்ட அடிச்சாங்க. காபிக்கு அப்புறம் அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. டைஃபாய்டு வந்தவங்களுக்கு முடி எவ்ளோ நாள்ல வளரும்னு என்னையக் கேளுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

புரொஜெக்டர் ஓட்டுகிற ஜோசப் டார்ச்சை அடித்துச் சுருள்களைப் பார்த்தான். டப்பா மூடிகள் முந்தின ஊரிலேயே மாறியிருக்கின்றன. நாங்கள் இரண்டாவது என்று பார்த்தது மூன்றாவது. கதை என்று ஒன்று நேராக ஓடாத படங்களையே பார்த்துப் பழகினவர்கள் நாங்கள். எது எப்படி வந்தாலும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று பயபக்தியோடு உட்கார்ந்திருப்போம்.

மூர்த்தி சார் முகம் சிவந்துவிட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனுஷரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். இரண்டாவது சுருளையும் மூன்றாவதையும் சரியான வரிசையில் மறுபடி ஓட்டச் சொன்னார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. கமிட்டி அன்றைக்கும் கூடவில்லை, அப்புறமும் கூடவில்லை. அடுத்த மாதம் சரோஜாக்காவுக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. "கழுத்து வலிக்கும்" என்று பழைய பெஞ்சுக்கே வந்துவிட்டார். ஆனால் எந்த விவாதத்திலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். அந்த ஹாலில் அது நடந்தது, நான் பார்த்தேன், அதில் என் குரலும் இருந்தது. எனக்கு இது போதும்.

டப்பா மாறின அன்றைக்கு, ரயில் பாதை ஓரமாக நானும் சரோஜாக்காவும் வீட்டுக்கு நடந்தோம். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடு" என்றார். அப்புறம், "ஆமா, நீயும் அங்கதான இருந்த, ஒனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். நான் கதவையும் பார்க்கவில்லை, முடியையும் பார்க்கவில்லை. எழுத்து ஓடிவிடுமே என்கிற பயத்தில் அத்தனை மாதமும் திரையின் அடியிலேயே கண்ணை வைத்திருந்தேன். "அட பாவமே" என்றார் சரோஜாக்கா. அன்றிலிருந்து அது எங்கள் பழக்கமானது. படம் முடிந்து நடக்கும்போது எழுத்துக்கு மேலே திரையில் நடந்ததையெல்லாம் அவர் எனக்குச் சொல்லுவார். யார் எப்படி நின்றார்கள், மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது, சாகிறவள் கையை எங்கே வைத்திருந்தாள் என்று ஒன்று விடாமல். நான் பார்த்த நல்ல படங்கள் எல்லாமே அந்த நடையில் அவர் வாயால் பார்த்தவைதான்.

அந்த ஹாலை இடித்துவிட்டார்கள். சொசைட்டியும் மூர்த்தி சாரோடு போனது. சரோஜாக்கா மகள் வீட்டோடு ஓசூர்ப் பக்கம் போய், இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். நேரம் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அந்தப் படங்களெல்லாம் இப்போது வீட்டிலேயே கிடைக்கின்றன, அழுக்கு நீக்கி, பளிச்சென்று. மகன் போடுகிறான், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். பழகின கண், கீழேயேதான் போகிறது. படம் முடிந்தால் எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். மேலே என்ன நடந்தது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.