போனஸ் என்று போடுங்க, தங்கச்சி

போன கிழமை எனக்கு வேலை போனது. கம்பனி கல்முனைக் கிளையை மூடிவிட்டது. அதுதான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறீரே, பிறகென்ன என்பீர்கள். பத்தி எழுதி யார் வீடு கட்டியிருக்கிறார்கள்?

வீடுதான் பிரச்சினை. மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. கல்முனைக்குடியில் அவளுக்குக் கட்டும் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரைக்கு நான் நம்பியிருந்தது, இருபத்திரண்டு வருட வேலைக்குக் கம்பனி தரும் கிராச்சுவிட்டியை.

அதற்குள் மனைவியின் தம்பி குறுக்கே வந்தார். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஊருக்கே வரி ஆலோசனை சொல்பவர் — தான் வரி கட்டியதாகத் தகவல் இல்லை.

“கிராச்சுவிட்டி எண்டு போட்டா அரைவாசி வரிக்குப் போயிரும், மச்சான். போனஸ் எண்டு போடச் சொல்லுங்க.”

நம்பினேன். பதறியவனுக்கு யார் சொன்னாலும் வேதவாக்குத்தானே?

கணக்குப் பிரிவுக்கு ஓடினேன். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி எங்கள் கடைசிக் கொடுப்பனவுகளை டைப் செய்துகொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினேன்.

“தங்கச்சி, என்ட கிராச்சுவிட்டிய போனஸ் எண்டு போடுங்களன்?”

“என்ன நானா, பகிடியா? போனஸ் எண்டா சம்பளம் மாதிரி வரி வெட்டுப்படும். கிராச்சுவிட்டிக்கு ஒரு எல்லை வரைக்கும் வரியே இல்ல. உங்கட காசு அந்த எல்லைக்குக் கிட்டவும் போகாது.”

என்னை ஏழை என்று ஒருவர் சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அல்ஹம்துலில்லாஹ்... கூரை தப்பியது. கிளையில் மிச்சமிருந்த ஆறு பேருக்கும் டீயும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தேன். வேலை போனவன் விருந்து வைப்பதைக் காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ரோல்ஸைக் கடித்துக்கொண்டே அந்தப் பிள்ளை சொன்னாள்: “ஆனா நானா, எடுக்காத லீவுக்குத் தாற காசில வரி வெட்டுவம். அது சம்பளக் கணக்கு. உங்களுக்குக் கனக்க லீவு கிடக்கு.”

வெட்டட்டுமே. கூரைக்கு அந்தக் காசு தேவையில்லை.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி லீவு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்தாள்.

“என்ட தங்கச்சிட கல்யாணத்தண்டு சோறு திண்ட கையோட வேலைக்கு ஓடினீங்களே, புள்ளட வாப்பா... அந்த லீவா?”

“ஓம்.”

“அதுக்கா வரி?”

“ஓம்.”

“நல்லா வெட்டட்டும்.”