அம்மா சொன்னதாக நான் சொன்னது

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. லாரியில் க்ளீனராக ஏறியவன், இன்று திண்டிவனத்தில் ஆறு லாரிக்குச் சொந்தக்காரன். எதையும் எழுதி வைத்ததில்லை. முப்பது வருஷத்துக்கு முன் மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டியின் நம்பரைக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஞாபகத்தை நம்பாதவள் என் தங்கை ஒருத்திதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்கு நான் தகவல் சொல்லவில்லை. உயிர் போன பிறகுதான் ஆள் அனுப்பினேன். நிறைமாசக்காரி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் அவளுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றைக்கு விழுப்புரம் திரும்பியவள், அப்புறம் என் வாசப்படியை மிதிக்கவே இல்லை.

போன வருஷம் ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் என்னைத் தியான வகுப்புக்கு அனுப்பினார். ரிட்டையரான வாத்தியார்களெல்லாம் முட்டி வலியென்று நெளிய, நான் கல்லாக உட்கார்ந்தேன். "மூச்ச கவனிங்க. வர்றத விரட்டாதீங்க, ஆராயாதீங்க" என்பார் சொல்லிக்கொடுப்பவர்.

இருபதாம் நாள் அம்மா வந்தாள். பச்சைப் போர்வை, குளுக்கோஸ் பாட்டில், என் மணிக்கட்டைப் பிடித்த கை.

"தங்கச்சிக்குச் சொல்லாதடா. புள்ளத்தாச்சி, பயந்துடுவா."

அட்சரம் பிசகாமல் கேட்டது. மறுநாளே விழுப்புரம் போய்த் தங்கையிடம் சொன்னேன்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் கை நின்றது. "இப்படியேவா சொன்னாங்க?"

"இப்படியேதாம்மா. நேத்துகூடக் காதுல கேட்டேன்."

"அம்மாவுக்கு எப்பண்ணா தமிழ் வந்துச்சு?"

எங்கள் வீட்டில் தெலுங்கு. நானும் தங்கையும் எப்படியோ தமிழுக்கு மாறிவிட்டோம். அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை.

"அவங்க சொன்ன மாதிரியே தெலுங்குல சொல்லு. நம்பறேன்."

சித்தூர் வியாபாரிகளைத் தெலுங்கிலேயே மடக்கியவன் நான். தடுமாறி ஏதோ சொன்னேன்.

"இது இப்ப நீ கட்டினது. பெரிய ஞாபகக்காரரு! ஜல்தியா கெளம்புண்ணா, அவரு சாப்பாட்டுக்கு வர்ற நேரம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். தெலுங்கு தெரியாதவள் அவள். என்னையே பார்த்தாள்.

"தங்கச்சிக்குச் சொல்லிடலாமான்னு வார்டு வாசல்ல நான் கேட்டேன். புள்ளத்தாச்சி பயந்துடுவான்னு நீங்கதான சொன்னீங்க? அத்தை அன்னிக்குக் கண்ணையே தொறக்கலியே."

மறுநாள் வகுப்பில் கண்ணை மூடினேன். அதே பச்சைப் போர்வை, அதே கை. அம்மா வாயைத் திறந்தாள். தமிழ்தான் வந்தது. பாதியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.