அம்மா நின்ற நேரம்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை நாங்கள் தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே, காட்டை ஒட்டிய ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மார்கழியில் கேழ்வரகு அறுப்பு முடியும்வரை ஊர் ஆண்கள் எல்லோரும் ராத்திரிகளில் பரண்மேல் உட்கார்ந்து யானைக்குக் காவல் இருப்பார்கள். விடிந்ததும் திரும்பி வந்து தூங்குவார்கள்.

அந்த வருடம் எங்கள் கதிரை முன்னதாகவே அடித்து, மூட்டைகளைச் சமையலறையின் பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்தோம். சமையலறை வீட்டை ஒட்டி இறக்கிய தனிக் கொட்டகை; மண்சுவர், மேலே நாட்டு ஓடு. தம்பிக்கு அப்போது எட்டு மாதம். பனிக்காலம் என்பதால் அடுப்புச் சூடு படட்டும் என்று அவனுடைய தூளியை அம்மா சமையலறை விட்டத்தில்தான் கட்டியிருந்தாள்.

அன்று விடிந்திருந்தது, ஆனால் பனி விலகவில்லை. ஊர்க் காவலுக்குப் போன அப்பா இன்னும் பரணிலிருந்து வரவில்லை. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் சாம்பலால் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கன்னடத்தில் "ஆனெ, ஆனெ" என்று கத்துவது கேட்டது. அதைத் தொடர்ந்து எங்கள் சமையலறையின் பின்சுவர் விழும் சத்தம்.

நான் ஓடிவிட்டேன். பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்குள் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். தம்பி உள்ளே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஓடினேன். வாயில் சாம்பல் கரித்தது. துப்பினால் யானைக்குக் கேட்டுவிடும் என்று விழுங்கினேன்.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பட்டாசுச் சத்தமும் தகரம் தட்டும் சத்தமும் ஓய்ந்தபின் யாரோ என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் தம்பி. அவன் அழவில்லை. அவள் தலையிலும் தோளிலும் செம்மண் தூசி.

ஊர் அதைப் பெரிதாகப் பேசியது. ஒற்றைக் கொம்பன் யானை மூட்டையைத் துதிக்கையால் இழுத்துக்கொண்டிருக்க, இரண்டு கை தூரத்தில் தொங்கிய தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து வந்தவள் என்று பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக உள்ளே போனாளாம். அம்மா எதையும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த வருடமே நிலத்தைப் பங்காளிக்கு விட்டுவிட்டு ஓசூர் வந்தோம். அப்பாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு தடுப்பு. அம்மா முதலில் செய்த காரியம், சுவரோரம் இருந்த ஸ்டவ்வை நடுவில் இழுத்துப் போட்டதுதான். அதன்பிறகு இருந்த எல்லா வீடுகளிலும் சுவருக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி நின்றே சமைத்தாள். மேடை கட்டிய சமையலறை வந்தபோதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொள்வாள். ஷிப்டுக்கு ஏற்றபடி எழுந்து களி கிண்டுவது, கீரை கடைவது, டிபன் கட்டுவது என்று நாற்பது வருடம் எங்களுக்காகவே ஓடினாள். யானை சீறுவதுபோல் லாரி ஏர் பிரேக் சத்தம் கேட்டால் மட்டும் கரண்டி அப்படியே நின்றுவிடும்.

தம்பி மேல் அவளுக்கு இருந்தது பாசம் என்று சொன்னால் போதாது, அது பயம். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். அவனுக்கு வந்தால் சாப்பிடமாட்டாள். அவன் ஐடிஐ முடித்து, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தபோது, அந்த மெஷின்கள் விரலை எடுத்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஷிப்டு முடிந்ததும் அவன் போன் செய்ய வேண்டும். "பேச வேணாம்டா சாமி, ஒரு மிஸ்டு கால் குடு, போதும்" என்பாள். ஐந்து நிமிடம் தாமதமானால் கம்பெனி கேட்டுக்கே போய் நின்றுவிடுவாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பொறாமை இருந்தது. மகன் என்றால் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி வருடம் இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டில் படுத்திருந்தாள். எழுபத்தொரு வயது. ஒரு மதியம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாப்பா, நான் ஒடனே போவல."

"எங்கம்மா?"

"ஆனை வந்தப்ப. சொவரு வுழுந்ததும் வாசப்படி வரைக்கும் ஓடுனேன். அதோட கால் வரல. உள்ள புள்ள இருக்குது, எனக்குத் தெரியுது. தூளி தானா ஆடுது, யாரோ ஆட்டற மாதிரி. ஆனை மூட்டைய இழுக்க இழுக்க விட்டம் ஆடுது. நான் பாத்துட்டே நிக்கறேன்."

சீப்பு என் கையிலேயே இருந்தது.

"எவ்ளோ நேரம்?"

"தெரியல. ரொம்ப நேரம். திரும்பி ஓடிறலாம்னுகூட நெனச்சேன். ஒரு காலு பின்னாலயும் போச்சு. பெத்தவ நெனைக்கறதா அது?"

"அப்பறம் போனீல்லம்மா."

"எப்புடிப் போனேன்னு தெரியல. அவன் கண்ணத் தொறந்துட்டு என்னையே பாத்துட்டு இருந்தான். நான் நின்னத அவன் பாத்தான்."

எட்டு மாதக் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். நான் தெரிந்தே ஓடியதையும் சொன்னேன். "நீ புள்ள, ஒனக்கென்ன" என்று தள்ளிவிட்டாள். அவனிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனது. அவ்வளவு பயத்தை அந்த முகத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"நான் போனப்பறம் சொல்லு. இருக்கறப்ப அவன் மூஞ்சிய எப்புடிப் பாப்பேன்?"

இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். கருமாதிக்கு வந்த உறவினர்களிடம் தம்பி யானைக் கதையைச் சொன்னான். குடத்தைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். அவன் அவளை வெறுத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. சொல்லச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டாளே என்பதும் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நானும் நின்னுருக்கேன்க்கா" என்றான்.

பிரஸ் ஷாப்பில் சேர்ந்த மூன்றாம் வருடம், எதிர் மெஷினில் நின்ற ஆளின் கை மாட்டிக்கொண்டதாம். நிறுத்தும் சிவப்புப் பட்டன் தம்பி நின்ற பக்கம்தான் இருந்தது. "கை தூக்குனாப் போதும். தூக்க முடியல. அந்தாளு என்னைப் பாக்கறாரு, நானும் அவரப் பாக்கறேன். அப்பறம்தான் அடிச்சேன். ரெண்டு வெரல் போச்சு. ஒடனே அடிச்சிருந்தா போயிருக்காதோ என்னமோ. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, அம்மா பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டேன். அம்மாகிட்ட எப்புடிச் சொல்றது? அது ஆனைகிட்டயே போனது ஆச்சே."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி, ஒருவருக்கொருவர் தெரிந்துவிடுமோ என்று அஞ்சியே அம்மாவும் தம்பியும் அத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறார்கள். அம்மா சொன்ன அந்த மதியமே நான் அவனுக்கு ஒரு போன் செய்திருந்தால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளிடமே இதைச் சொல்லியிருப்பான். தான் இருக்கும்வரை வேண்டாம் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

தம்பி எழுந்து முகம் கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தான்.