மீன் நன்றாக இருந்ததாம்

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். வழுவழுப்பான தாள், முதல் பக்கத்தில் முதலாளி படம், கடைசிப் பக்கத்தில் ஊழியர்களின் பிள்ளைகள் வரைந்த மயில். இந்த முறை என்னையும் அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: வாழ்க்கையில் முன்னேறத் திறந்த மனம் அவசியமா? அவசியம்தான் என்று எழுதிக் கொடுத்தேன். சம்பளம் போடுகிறவர்கள் கேள்விக்குறி வைத்துக் கேட்டாலும் நாம் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். என் படத்தையும் போட்டார்கள். படத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அரைப் பக்கத்தில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். இதற்குப் படம் தேவையில்லை.

மறைமலை நகரில் கார் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்கிற ஆலை எங்களுடையது. அப்போதைய எங்கள் மேலாளர் இரும்புலியூர்க்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிப் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகை விளைகிறது. மாதக் கூட்டம் தவறாமல் நடத்துவார், அதில் தவறாமல் ஒன்றைச் சொல்வார். "ஓப்பன் மைண்ட் வேணும்பா. மனசு ஜன்னல் மாதிரி. திறந்து வெச்சாத்தான் காத்து வரும்." ஏ.சி. ஓடுகிற அறையில், திறக்கவே முடியாதபடி அடைத்த கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொல்வார். யாரும் சிரிக்க மாட்டோம்.

ஆனால் அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று தள்ளிவிட எனக்கு வழியில்லை. பெண்கள் எல்லாரும் பேக்கிங்கிலேயே உட்கார்ந்திருந்த ஆலையில் என்னைத் தரப் பரிசோதனைப் பிரிவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒருமுறை ஒரு தொகுதி உதிரிபாகம் சரியில்லை என்று நான் சொன்னபோது சீனியர்கள் எல்லாம் முறைத்தார்கள். அவர் மட்டும், "அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்கய்யா" என்று லைனையே நிறுத்தினார். நான் சொன்னது சரியாக இருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரை நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது.

நான் கோவளத்தை அடுத்த ஒரு குப்பத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவள். ஆலையில் யாராவது ஊர் கேட்டால் கோவளம் பக்கம் என்பேன். மறைக்க வேண்டும் என்று அப்படிச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். மேலாளர் என்ன நினைத்துக்கொண்டாரோ, அவருக்கே வெளிச்சம்.

அப்பா இறந்த பிறகு அம்மாவின் காலில் மீன் முள் குத்திப் புண்ணானது. சர்க்கரை இருந்ததால் ஆறவில்லை. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், விட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். குப்பத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து தாம்பரம், அங்கிருந்து குரோம்பேட்டை. பஸ் மாறி மாறி வருவதற்குள் கட்டு நனைந்து, மண் ஏறி, புண் இன்னும் மோசமாகும். நான் பெருங்களத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். அங்கே அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒரு வீடு வேண்டும், உடனே வேண்டும்.

மேலாளரிடம் சொன்னேன். "எங்க மாடி காலியாத்தாம்மா இருக்கு. வெளியில எதுக்குத் தேடறீங்க" என்றார். அந்த நிமிடத்தில் அவர் காலில் விழுந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிவிடுங்கள் என்றும் அவரே சொன்னார்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நமக்கு இடம் கொடுத்தால் அவர் வீட்டு வாசலை வெறுங்கையோடு மிதிக்கக் கூடாது. அன்று காலை கரையேறியதில் நல்லதாகப் பார்த்து, வெட்டாமல் முழு மீனாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பழம், பூ எல்லாம் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மீன் என்றால் நம் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகக் கணக்கு. அம்மா அந்தக் காலோடு விடியற்காலையிலேயே கரைக்குப் போய், பெரிய வஞ்சிரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் கட்டணத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்கினாள். புடவையைச் செருகியிருந்த விதம், இடுப்பில் கூடை இருந்த விதம், எல்லாம் அந்தத் தெருவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன.

அது அவர்கள் மீன் தின்னாத நாளும் இல்லை. சொல்லப்போனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவே மீன் வாங்கும் நாள். பக்கத்து வீட்டில் அப்போது மசாலா அரைபட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, எம் பொண்ணுக்கு எடம் குட்த்த. நீ நல்லாருக்கணும்" என்று அம்மா கூடையை நீட்டினாள். மேலாளர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அது சிரிப்பாகவே நின்றுவிட்டது, மேலே போகவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் வந்தது. "பின்பக்கமா வந்து வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க." அம்மா நொண்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் போய் வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மீன் கொடுக்கிறவள் பின்பக்கம் போவது அவள் வாழ்நாளெல்லாம் பார்த்ததுதான். மேலே போய்ப் பால் காய்ச்சினோம். பொங்கியது. அந்தப் பாலைக் குடிக்கக் கீழேயிருந்து யாரும் வரவில்லை.

மறுநாள் மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டீ வந்தபோதே விஷயம் புரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணுமே இல்ல. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும், நான் ஓப்பன் மைண்ட். வீட்ல பெரியவங்க இருக்காங்க. தெருவுல எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, கேக்கறாங்க."

"அம்மாவோட கால் சார்" என்றேன்.

"புரியுதும்மா. வேற எங்கியாவது நானே சொல்லிப் பாக்கறேன்." நான் கொடுத்திருந்த அட்வான்ஸ் கவரைத் திருப்பி மேசையில் வைத்தார். நான் எழுந்தபோது அவருக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வீடு இல்லை என்பதையும் சேர்த்தேதான் சொன்னேன். அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"மீன் நல்லாகீதாம். மீன் கொணாந்தவதான் ஆவலியா?"

மேலாளர் மனம் திறந்துதான் இருந்தது, ஆலை வாசல் வரைக்கும். அதற்கு வெளியே அது அவர் மனம் இல்லை, தெருவின் மனம். இதற்கு அவரைத் திட்டுவதா, தெருவைத் திட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. அம்மாவின் புண் கறுக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு வீட்டுத் தரகரைப் பிடித்தேன். அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீடு இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம், ஆனால் வீட்டுக்கார அம்மா ஆள் பார்த்துத்தான் விடுவார் என்றார். நான் ஊரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரே யோசனையும் சொன்னார். "அக்கா, நீங்க பேசினா ஒண்ணும் தெரியல. செங்கல்பட்டு பக்கம், வெவசாயக் குடும்பம்னு சொல்லிடறேன். அம்மாவ மட்டும் பேச வுடாதீங்க. வாயத் தொறந்தா வூடு போச்சு."

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்ததெல்லாம் வீண். முதல் நாள் வீட்டுக்கார அம்மா படியேறி வந்து அவளிடம் ஊரும் பேரும் கேட்டபோது அம்மா கைகூப்பிச் சிரித்தாள். மறுபடி கேட்டபோதும் சிரித்தாள்.

"ஐயோ பாவம், பேச வராதா?" என்றார் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வராது என்று தலையாட்டினாள்.

அம்மா கூடை சுமந்து விற்ற தையூர் தெருக்களில் அவள் மீன் என்று குரல் கொடுத்தால் கடைசி வீட்டுக்காரி வரைக்கும் பாத்திரத்தோடு வெளியே வருவாள். அப்படிப்பட்டவள் பல மாதங்கள் அந்த மாடியில் ஊமையாக இருந்தாள். மாலையில் நான் வந்ததும் கதவைச் சாத்தி, டி.வி. சத்தத்தை ஏற்றிவிட்டு, என் காதருகே வந்து பேசுவாள். வீட்டுக்கார அம்மா அவளிடம் ரொம்பப் பிரியமாகத்தான் இருந்தார். கொழுக்கட்டை கொண்டுவந்து தருவார். பதில் பேசாத ஆள் என்பதால் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டினார். மருமகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, வீடு கேட்டு வந்தவர்களைப் பற்றி. அதையெல்லாம் அம்மா என் காதில் சொல்வாள்.

"ஒனுக்கு முன்ன ஒருத்தி வூடு கேட்டுகினு வந்தாளாம்மே. பேச்சுலயே தெரிஞ்சிபோச்சாம், இன்னா ஆளுங்கன்னு. வெரட்டி வுட்டுட்டாங்களாம். எங்கிட்டயே சொல்லுது."

"நீ என்ன பண்ணே?"

"இன்னா பண்றது. தலையாட்டிகினு கொழுக்கட்டயத் துன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகை என்பதைவிட ஆத்திரம் என்பதுதான் சரி.

அதற்கிடையில் மேலாளர் ஆலைக்கே தலைவரானார். பாராட்டு விழாவில் திறந்த மனம்தான் தன்னை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது என்றார். எல்லாரும் கைதட்டினோம். எனக்கும் பதவி உயர்வு வந்தது, அவர் கையெழுத்திலேயே. அவருக்கு மனத்தைப் பற்றிப் பேசத் தெரிந்திருந்தது, எனக்கு வாயை மூடத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் முன்னேறினோம். இதைத்தான் மலரில் போட்டிருக்க வேண்டும்.

புண் ஆறியது. பாதம் தப்பியது. டாக்டர் இனி வரவேண்டாம் என்று சொன்ன அன்றே அம்மா துணியை மூட்டை கட்டினாள். வாசல்வரை வந்த வீட்டுக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "உங்கள மாதிரி தங்கமான ஆளுங்க எங்களுக்குக் கிடைக்கணுமே" என்றார். அது நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இப்பவாவது ஒரு வார்த்தை பேசிட்டுப் போம்மா" என்று அம்மாவின் காதில் சொன்னேன். அவள் கைகூப்பிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். தெரு திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எனுக்கு காலு ஆறிப்போச்சி, நான் போறேன். நீ இங்கதான இருக்கணும்? நான் பேசிட்டா ஒன் வூடு போயிடும்."

தாம்பரத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் மூட்டை வைக்கும் இடத்துக்காகச் சண்டை பிடித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு நாள் அடக்கி வைத்த குரல். பஸ் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் இன்னமும் அந்த அஸ்தினாபுரம் மாடியில்தான் இருக்கிறேன். அம்மா தினமும் ஃபோன் செய்வாள். குரல் கீழே கேட்டுவிடும் என்று மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவேன். போன வாரம் படியேறும்போது வீட்டுக்கார அம்மா நிறுத்தினார்.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க? பாவம், ஃபோன்ல கூடப் பேச முடியாதே. எப்படி விசாரிப்பீங்க?"

"பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு ஆன்ட்டி. அதுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுப்பேன்" என்றேன்.

கையில் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மாதான். அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் நீட்டிய சுண்டலை வாங்கிக்கொண்டேன்.